என் மாமியார் பெயர் கொண்ட வண்டு

என் மாமியாரின் பெயரில் இந்த உலகத்தில் ஒரு வண்டு உண்டு. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் வழக்கமாகச் சொல்கிற மற்ற சங்கதிகளை வைத்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இது அச்சில் வந்த விஷயம். மாமியாரின் பெயர், பின்னால் ஒரு லத்தீன் வால், அவ்வளவுதான் வித்தியாசம். வண்டின் நீளம் ஓர் எள்ளில் பாதி. மாமியாரின் நீள அகலத்தை நேரில் கண்டவர்கள், பெயர் வைத்தவளுக்குக் குசும்பு அதிகம் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் குசும்பு எனக்கு மட்டும்தான். பெயர் வைத்தவள் மிகவும் கண்டிப்பானவள்.

அவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. வீட்டில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். ஆளும் ஊசி மாதிரிதான் இருப்பாள். போதாததற்கு அவளுடைய தோள்பட்டையிலும் கைப்பையிலும் சோபா மெத்தையிலும் எப்போதும் பூச்சி குத்தும் ஊசிகள் செருகியிருக்கும். ஒரு நாள் என் கணவர் அவள் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்தார். அவர் எழும்பிய வேகத்தில் மின்விசிறி தப்பித்தது அதன் நல்ல காலம்.

ஊசிக்கு வேலை அருங்காட்சியகத்தில். முன்வாசல் வழியாகப் போகிறவர்களுக்குத் திமிங்கில எலும்பும் பஞ்சு அடைத்த காண்டாமிருகமும் தெரியும். ஊசியைப் பார்க்க வேண்டுமென்றால் பின்வாசல் வழியாக, துடைப்பங்களும் பழைய ஏணிகளும் சாய்த்து வைத்திருக்கும் நடையைத் தாண்டி, படியேறிப் போகவேண்டும். மேலே ஒரு நீண்ட அறை, சுவரோடு சுவராக இரும்பு அலமாரிகள். ஓர் அலமாரியைத் திறந்தால் கண்ணாடி மூடிய மரப்பெட்டிகள்; பெட்டிக்குள் வரிசை வரிசையாக ஊசிகள்; ஒவ்வோர் ஊசியிலும் நகத்துணுக்கு அளவில் ஒரு முக்கோண அட்டை; அட்டையின் கூர்முனையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் வண்டு. அறை முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. சாயங்காலம் அவள் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் நின்றுகொண்டு வருவார். வேலை முடிந்து திரும்பும்போது தனக்கு இடமில்லாமல் போனதே கிடையாது என்று ஊசி பெருமையாகச் சொல்வாள்.

வண்டுகளின் உலகத்தில் குடும்பம் உண்டு. குடும்பத்துக்குள் குலங்கள், குலத்துக்குள் பேரினங்கள், பேரினத்துக்குள் இனங்கள். யாருக்கு யார் என்ன முறை என்று நம் சொந்தபந்தங்களிலேயே குழம்புகிறவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஊசி தன் ஆயுளை ஒரே ஒரு குலத்துக்குக் கொடுத்தாள். வெப்பமான காடுகளில் மட்கிய இலைக்கு அடியிலும் எறும்புப் புற்றுகளிலும் ஒண்டுக்குடித்தனம் செய்கிற குட்டி வண்டுகள் அவை. சிறகு மூடி அரைச்சட்டை மாதிரி பாதி முதுகோடு நின்றுவிடும். சிலவற்றுக்குக் கொம்பின் நுனி மேளக்குச்சி போல உருண்டிருக்கும். அவற்றால் நமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. "பின்ன எதுக்குடி இத்தன பாடு?" என்று மாமியார் கேட்பார். "அதுங்க இருக்கே அம்மா, அதுக்குத்தான்" என்பாள் ஊசி.

அவற்றைப் பிடிக்கிற விதமே அலாதி. மழைக்காலத்தில் ஒரு சாக்கு நிறைய மட்கிய இலைக் குப்பையைக் கொண்டுவந்து பெரிய புனலில் கொட்டுவாள். மேலே ஒரு பல்பு எரியும். குப்பை மேலிருந்து காயக் காய, ஈரத்தைத் தேடி வண்டுகள் கீழே கீழே இறங்கி, கடைசியில் புனலின் வாய் வழியாகச் சாராய பாட்டிலுக்குள் விழுந்துவிடும். ஆரம்ப காலத்தில் இந்தப் புனல் எங்கள் குளியலறையில் நின்றது. "ஊர்ல எல்லாரும் குளிச்சு அழுக்க வெளியேத்துவாங்க. எம் பொண்ணு அழுக்க உள்ள கொண்டாந்து விளக்கு போட்டு வெக்கிறா" என்று மாமியார் மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். வீட்டில் நடந்த சண்டையில் பல்பு உடைந்து, புனல் நிரந்தரமாக அருங்காட்சியகத்துக்கே குடிபெயர்ந்தது.

பிடித்த வண்டை அட்டை முனையில் ஒட்டுவது அடுத்த வேலை. இடுக்கி அதற்குப் பெரிய முரட்டுக் கருவி. குச்சி முனையில் ஓர் இமை முடியை ஒட்டி, அதைக் கொண்டுதான் வண்டைத் தள்ளித் திருப்பிச் சரிசெய்வாள். தன் இமை முடி நேராகப் போய்விட்டது என்று என்னிடம் வந்து நிற்பாள். "அண்ணி, ஒண்ணே ஒண்ணு குடுங்க. உங்களுது நல்லா வளைஞ்சிருக்கு." என் அழகை அந்த வீட்டில் பாராட்டியவள் அவள் ஒருத்திதான், அதனால் மறுத்ததில்லை. உலகத்தின் பெரிய பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிற பாதி வண்டுகள் என் இமையால் தடவிக் கொடுக்கப்பட்டவை என்று நான் சொல்லிக்கொள்வேன். பாதி இல்லாவிட்டாலும் கால்வாசிக்குக் குறையாது.

இனி மாமியார் வண்டு.

ஒரு மழைக்காலக் குப்பையிலிருந்து ஊசி ஒரு வினோதத்தைக் கண்டெடுத்தாள். அந்தக் குலத்தில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒரு கிளையின் வண்டுகளுக்கு உச்சந்தலையில் ஒரு குழி, மேளக்குச்சிக் கொம்பு, மழமழ மார்பு. இன்னொரு கிளைக்குத் தலையில் குழி கிடையாது, மெல்லிய கொம்பு, மார்பில் மூன்று பள்ளங்கள். ஊசி கண்டெடுத்ததற்கோ தலையிலும் குழி, மார்பிலும் மூன்று பள்ளம். இரண்டு கிளைக்கும் நடுவில் பாலம் போட்டாற்போல ஒரு வண்டு. கிடைத்தது ஒன்றே ஒன்று. எந்தப் பேரினத்திலும் அடங்காததால் அதற்கென்று ஒரு தனிப் பேரினத்தையே உண்டாக்கினாள். தனி வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அந்த வீட்டில் குடியேறிய ஒரே இனத்துக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தாள். அந்தத் துறைக்காரர்கள் எங்கெங்கிருந்தோ பாராட்டினார்கள். சிலர் அதை நம்பித் தங்கள் புத்தகங்களில் குலத்தின் வம்சாவளிப் படத்தையே மாற்றி வரைந்தார்கள்.

மாமியார் என்ன செய்தார் என்று கேட்க வேண்டுமே. குப்பை, அழுக்கு, பல்பு எல்லாம் ஒரே நாளில் மறந்துபோயிற்று. எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு மருந்துக்கடை. அங்கேதான் அவருடைய முதல் பிரகடனம்.

"எம் பேர்ல ஒரு பூச்சி இருக்கு, தெரியுமா?"

"கொசுவாம்மா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உம் மூஞ்சி. வண்டு!"

"கடிக்குமா?"

"எம் பேரு வெச்சிருக்கு. கடிக்காம?"

சிரிப்பாகத்தான் இருந்தது எனக்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒன்று புத்தியில் உறைத்தது. வீடு மாமனார் பெயரில். வாசற்பலகையில் மாமனார் பெயர். மின்சார ரசீது, தண்ணீர் ரசீது, கதவில் தபால் பெட்டி எல்லாம் அவர் பெயர்தான். அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகியும் ஒன்றையும் மாற்றவில்லை. பிள்ளைகளை எல்லாரும் அவருடைய பிள்ளைகள் என்றார்கள். மாமியார் பெயரை எழுதி நான் எங்குமே பார்த்ததில்லை. உலகத்தில் அந்தப் பெயர் எழுதி ஒட்டப்பட்டிருந்த ஒரே பொருள், ஊசியில் குத்திய அந்த வண்டின் அடியில் இருந்த சீட்டுத்தான்.

இதற்குப் பிறகு ஊசி தன் வாழ்க்கையின் பெரிய காரியத்தில் இறங்கினாள். அந்தக் குலம் முழுமைக்கும் ஓர் அடையாள வழிகாட்டி. கேள்வி கேட்டுக்கொண்டே போகிற வழிகாட்டி அது. கொம்பு நுனி உருண்டதா, மெலிந்ததா? உருண்டது என்றால் இந்தக் கேள்விக்குப் போ, மெலிந்தது என்றால் அந்தக் கேள்விக்குப் போ. இப்படி வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பிப் போனால் கடைசியில் வண்டின் பெயரில் போய் நிற்கவேண்டும். சரியாக எழுதினால் யார் கையில் கொடுத்தாலும் வழி தவறாது. அதைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"விஷயமே தெரியாதவங்களும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும் அண்ணி. அதான் உங்களக் கூப்பிடுறேன்."

"ரொம்ப சந்தோஷம். உங்க அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"அவ்வளவு தெரியாதவங்களுக்காக எழுதலை அண்ணி."

ஆக நான் போய் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தேன். முதல் நாள் என் இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பழகிவிட்டது. எள்ளில் பாதி என்று நினைத்தது கண்ணாடிக்குக் கீழே கப்பல் மாதிரி வந்து நின்றது. உடம்பெல்லாம் பொன்முடி, கண் ஒரு கொத்து நாவற்பழம். கேள்வி கேள்வியாகப் போய்ப் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்வேன். ஊசி தலையை ஆட்டுவாள். நான் தவறினால் என்னைத் திட்டமாட்டாள், கேள்வியைத்தான் திட்டுவாள். "நீங்க தப்பு பண்ணலை, நான் சரியாக் கேக்கலை" என்று உடனே அடித்துத் திருத்தி எழுதுவாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைக்காமல் போனாரே என்று இருந்தது.

ஒரே ஒரு தொந்தரவு. எந்தக் கேள்வியை எடுத்தாலும் அதன் அடியில் ஒரு வால் தொங்கியது. தலையில் குழி இருந்தால் மார்பு மழமழப்பு, மாமியார் வண்டு நீங்கலாக. மார்பில் மூன்று பள்ளம் என்றால் கொம்பு மெலிந்தது, மாமியார் வண்டு நீங்கலாக. வலப்பக்கம் திரும்பு, மாமியார் நீங்கலாக. இடப்பக்கம் திரும்பு, மாமியார் நீங்கலாக.

"ஏன் ஊசி, நம்ம வீட்டுச் சட்டத்தையெல்லாம் இங்கயும் கொண்டாந்துட்டியா?" என்றேன். "எல்லாருக்கும் ஒரு நியாயம், உங்கம்மாவுக்கு மட்டும் தனி நியாயமா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். அந்தப் பெட்டியைத் திறந்து, அந்த ஒற்றை வண்டைக் கொண்டுவந்து என் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"நீங்க பாருங்க. என்ன தெரியுதோ சொல்லுங்க."

நான் பார்த்தேன். குழி இருந்தது. பள்ளங்கள் இருந்தன. "எல்லாம் நீ எழுதினபடிதான் இருக்கு. கழுத்துல மட்டும் ஏதோ மினுக்குது. உங்கம்மா சங்கிலி கிங்கிலி போட்டிருக்காங்களா?"

ஊசி என் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, தணித்து, மறுபடி சாய்த்தாள். பிறகு, "கீழ போய்த் தேநீர் குடிச்சிட்டு வாங்க அண்ணி" என்றாள். நான் குடித்துவிட்டு வந்தபோது அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாள். நடுங்கும் கையை வண்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பது அந்த அறையின் பழைய கட்டளை.

"பசை," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். காய்ந்த வண்டுக்குத் தலை கழன்று விழுவது சாதாரணம். ஒட்டுகிறவர்கள் அதை எடுத்துக் கழுத்தில் துளிப் பசை வைத்துத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். அன்றைக்கு அவளுடைய மேஜையில் தலை கழன்ற வண்டுகள் இரண்டு கிடந்திருக்க வேண்டும். ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் பொருத்திவிட்டாள். கழுத்து அளவும் ஒத்துப்போயிருக்கிறது. பாலமும் இல்லை, வினோதமும் இல்லை; ஒரு கிளையின் தலை, மறு கிளையின் உடம்பு, நடுவில் துளிப் பசை. அத்தனை ஊர்ப் பண்டிதர்களும் பாராட்டியது அந்தப் பசையைத்தான்.

"வேற யாராவது ஒட்டியிருக்கலாமே?"

"அடிச்சீட்டுல என் கையெழுத்துதான் இருக்கு. அந்த மாதிரி ஒட்டுறதும் நான்தான். தலைய லேசா நிமித்தி வெப்பேன், குழி தெரியட்டும்னு." தன் வேலையைத் தானே அடையாளம் கண்டுகொண்டாள், வண்டை அடையாளம் காண்கிற அதே கண்ணால்.

அருங்காட்சியகத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனுஷர்தான் அவர். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"யாரும்மா வந்து கழுத்தப் பாக்கப் போறாங்க? ஒரே ஒரு வண்டு. பெட்டிய மூடி வெச்சிடுங்க. உங்கம்மா இருக்கிற வரைக்குமாவது."

"சார், இத நம்பிப் புத்தகமே எழுதியிருக்காங்க. அத நம்பி இன்னொருத்தர் எழுதுவாரு."

"உங்கம்மாவுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் புறப்பட்டாள். வீட்டுக்கு வந்தால் மாமியார் பேசிக்கொண்டே சாப்பிடுவார். அன்று தையற்காரரின் மனைவியிடம் வண்டைப் பற்றிச் சொன்னாராம்; அவளுக்குப் பொறாமையில் முகம் சுருங்கிப்போயிற்றாம். "அவ புருஷன் பேர்ல ஒரு கொசுகூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். ஊசி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் தலையையும் உடம்பையும் பிரித்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். தும்மினால் கொன்றுவிடுவேன் என்று முன்னாலேயே எச்சரித்தாள். மின்விசிறி நிறுத்தப்பட்டது. ஜன்னல் மூடப்பட்டது. வெக்கையில் நான் மெழுகுவர்த்தி மாதிரி உருகிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் வண்டு, கையில் இமை முடி. இழுக்கவே இல்லை அவள். முடியின் முனையால் கழுத்தைச் சும்மா வருடிக்கொண்டே இருந்தாள், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து எதையோ எடுக்கிறாற்போல. பசை நெகிழ நெகிழத் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் தானாகவே விலகி மிதந்தது. ஒரு முடி அறவில்லை, ஒரு கொம்புக் கணு உடையவில்லை. அவள் மூச்சு விட்டாள். நான் தும்மினேன். அதற்குள் மூடி போட்டுவிட்டாள்.

உடம்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. எந்தக் குப்பையைக் கிளறினாலும் முதலில் வந்து விழுகிற சாதாரண வண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே எவரோ பெயர் வைத்தாயிற்று. தலைதான் கேள்வி.

இந்தத் துறைக்காரர்களுக்கு ஒரு சட்டப் புத்தகம் உண்டாம். எந்த வண்டைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ அந்த வண்டே இரண்டு வண்டுகளின் கலவை என்று தெரியவந்தால், அந்நியமான பகுதியை இன்னது என்று சொல்லி விலக்கிவிடலாம். மிச்சமிருக்கிற பகுதியோடு பெயர் நிற்கும். எதை விலக்குவது என்பது சரிபார்க்கிறவர் பாடு. உடம்போடு பெயரை நிறுத்தினால், உடம்புக்கு ஏற்கெனவே பழைய பெயர் இருப்பதால் மாமியாரின் பெயர் செத்துப்போகும். தலையோடு நிறுத்தினால் பிழைக்கும். அந்தத் தலைக்கும் முன்பே யாரும் பெயர் வைக்காமல் இருந்தால்.

"பின்ன என்ன? தலைய வெச்சுக்கோ!" என்றேன் நான், என்னவோ சந்தையில் மீன் வாங்குகிறவள் போல.

"பேரு இல்லாத தலையான்னு முதல்ல தெரியணும் அண்ணி. எங்கம்மா பேருங்கிறதுக்காகப் பிழைக்க வெக்க முடியாது."

அந்தக் கிளையின் வண்டுகள் எல்லாவற்றின் தலைகளோடும் இந்த ஒற்றைத் தலையை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த நாட்களில்தான் நான் அவளை முழுசாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். ஒரு பொருளைத் தேடுகிறவர்கள் அது கிடைக்கவேண்டும் என்று தேடுவார்கள். இவள் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினாள். தேடலில் ஒரு துளி குறை வைக்கவில்லை. ஜோடித் தலை எங்கே இருக்கக்கூடும் என்று அவளுக்கு ஓர் ஊகம் இருந்தது, ஜன்னலோரத்து அலமாரி. நானாக இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளி, கடைசி வருவதற்குள் அலுத்துப்போய் விட்டிருப்பேன். அவள் முதல் நாள் காலையில் அந்த அலமாரியைத்தான் திறந்தாள்.

"அதைக் கடைசியில பாத்துக்கலாமே ஊசி."

"இருந்தா இதுலதான் அண்ணி இருக்கும். அப்புறம் எதுக்கு மத்தத எல்லாம் சுத்திட்டு வரணும்?"

இரண்டு முறை எங்கள் உயிர் போய்த் திரும்பியது. ஒரு வண்டுக்கு அதே குழி, அதே கொம்பு. கண் மட்டும் கொஞ்சம் பெரிது. ஊசி வெகுநேரம் பார்த்தாள். "கண்ணு கொஞ்சம் பெரிசாயிருந்தா என்ன? வயசானா எனக்கும்தான் பெரிசாத் தெரியுது" என்று நான் கேட்டது தப்பு, அது ஜோடியாகிவிட்டால் மாமியார் பெயர் போய்விடுமே. வண்டு வளர்ந்தபின் கண் வளராது என்று சொல்லி அதை ஒதுக்கினாள். இன்னொன்றைப் பார்த்தபோது அவள் முகமே சுண்டிப்போயிற்று. கண்ணும் சரி, குழியும் சரி, கொம்பும் சரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விளக்கைச் சாய்த்தாள். வண்டைத் திருப்பினாள். அதற்குத் தாடைக்கு அடியில் ஒரு சின்ன முள் இருந்தது. நம்முடைய தலைக்கு அந்த இடம் வழுக்கை. "இது இல்ல," என்றாள். தப்பித்தோம் என்று நான் எழுந்தேன். அவள் உட்காரச் சொன்னாள். முள் உடைந்து விழுந்திருந்தால் தழும்பு இருக்குமே என்று நம் தலையின் தாடையை மறுபடியும் பார்த்தாள். எதிரிகூட அப்படிப் பார்க்கமாட்டான். தழும்பு இல்லை. உள்ளூர் அலமாரிகள் தீர்ந்த பிறகு, வெளியூர் அருங்காட்சியகங்களிலிருந்து பெட்டிகளை வரவழைத்துப் பார்த்தாள். அதுவும் தீர்ந்தது. அந்தத் தலைக்கு உலகத்தில் வேறு பெயர் கிடையாது.

இனி மாமியாரிடம் சொல்லவேண்டிய ஒன்றுதான் பாக்கி. சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, உன் வண்டு ஒரு வண்டு இல்ல. ரெண்டு. நான்தான் தெரியாம ஒட்டிட்டேன்."

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தட்டுகளை அடுக்குகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"அப்ப நான் இத்தன நாளா ஊரெல்லாம் பேசினது?"

"நீ பேசினது தப்பில்லம்மா. நான் சொன்னதத்தான் நீ சொன்ன."

"எனக்கு அதக் காட்டு" என்றார் மாமியார். பெயர் வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வண்டை நேரில் பார்க்கவேண்டும் என்று கேட்காதவர்.

மறுநாள் அருங்காட்சியகத்தின் பின்படியில் மூச்சு வாங்கி, நின்று, கைப்பிடியைத் திட்டி, மேலே வந்து சேர்ந்தார். மைக்ராஸ்கோப்பில் எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, "ஒண்ணும் தெரியலையே, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றார். கண்ணைத் திறக்கச் சொன்னோம். அப்புறம் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தார். அட்டை முனையில் அந்தத் தலை தனியாக இருந்தது.

"அடேயப்பா," என்றார் கடைசியில். "உச்சியில என்ன குழி?"

"அதுதாம்மா அதுக்கு அடையாளம்."

"உடம்பு எவளோடது?"

"எங்க பாத்தாலும் கிடைக்கிற வண்டு. அதுக்கு எப்பவோ பேரு வெச்சாச்சு."

"அப்ப அவ உடம்ப அவகிட்டயே குடுத்துடு. என் உடம்பு எனக்கு என்னிக்கு ஒத்துழைச்சிருக்கு? தலை போதும்." கண்ணை எடுக்காமலே பேசினார். "தலை எம் பேர்ல இருக்கலாமில்ல?"

"இருக்கலாம். தேடிப் பாத்துட்டேன். ஆனா தனி வீடு கிடையாதும்மா. அந்தப் பேரினத்த எடுத்துடணும். தலை வேற ஒரு பேரினத்துல போய்ச் சேரும். அங்க ஏற்கெனவே ஆள் இருக்காங்க."

"யாரு?"

"எல்லாம் பெரிய மனுஷங்க பேரு வெச்ச வண்டுங்க. ஜெனரல், டாக்டர், பிரபு, எல்லாம் ஆம்பளைங்க."

"அப்ப நான் போய்த்தான் ஆகணும்" என்றார் மாமியார்.

பிறகுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "தப்பு யாரோடதுன்னு எழுதுவ?"

"என்னோடதுன்னு."

"ஒட்டினவங்க தப்புன்னு பொதுவா எழுதினா ஆகாதா?"

"ஒட்டினது நான்தானே."

மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். கீழே இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் நான் பாதி உயரம் குறைந்துபோனேன். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஊசியின் திருத்தமும் வழிகாட்டியும் ஒரே இதழில் வெளியாயின. வழிகாட்டியில் இப்போது வால் தொங்கவில்லை. கேள்வி கேள்வியாக நேராகப் போய், மேளக்குச்சிக் கொம்புக்காரர்களின் வரிசையில், பிரபுவுக்கும் டாக்டருக்கும் நடுவில் மாமியார் வந்து நிற்கிறார். பக்கத்தில் ஊசி எழுதிய ஒரு வரி: தலை மட்டுமே அறியப்பட்டுள்ளது. திருத்தத்தின் முதல் வாக்கியத்திலேயே, இன்ன வண்டின் தலையை இன்ன வண்டின் உடம்பில் தவறாகப் பொருத்தியவர் இக்கட்டுரையின் ஆசிரியரே என்று எழுதியிருந்தாள். தன் பேரினத்தைத் தன் கையாலேயே நீக்கியிருந்தாள். இதற்காக அவளை ஏளனம் செய்தவர்களும் உண்டு. அவளுடைய வழிகாட்டி இல்லாமல் அந்தக் குலத்தின் பக்கம் போக முடியாது என்று ஆனபிறகு அவர்களும் அதை வாங்கிக்கொண்டார்கள். இதழ் வந்த அன்றே நான் அதை மாமியாருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் அந்த முதல் வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவரோடு மருந்துக்கடைக்குப் போனேன். ஊசி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"எப்படியிருக்கும்மா உங்க வண்டு?"

மாமியார் கைத்தடியைக் கடைப்பலகையில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தலைதான் என்னோடது. உடம்பு வேற ஒருத்தியோடது. எம் பொண்ணுதான் தப்பா ஒட்டினா."

"அய்யய்யோ!"

"என்ன அய்யய்யோ? அவளேதான் கண்டுபிடிச்சா. அவளேதான் பிரிச்சா. ஒரு முடி அறலை. கழுத்து எவ்வளவு இருக்கும்னு நினைக்கிற? இதோ, உன் மாத்திரையில அந்தக் கோடு இருக்கே, அதுல பாதி. அவ்வளவையும் செஞ்சுட்டு, என் தப்புதான்னு ஊருக்கெல்லாம் அச்சடிச்சும் குடுத்திருக்கா. நீ என்னிக்காவது மாத்திர மாத்திக் குடுத்துட்டு அப்படிச் சொல்லியிருக்கியா?"

கடைக்காரர் மாத்திரைப் பட்டையை எடுத்து, மாமியாருக்குக் கொடுப்பதற்கு முன்னால், கண்ணாடியை மூக்கில் ஏற்றி அதன் பெயரை ஒரு முறை சரிபார்த்தார்.